புதிர்த் தேடலும் இயந்திரக் கற்றலும்

புதிரின் தொடக்க நிலையிலிருந்து விடை நிலைக்குச் செல்லும் நகர்வுகளைக் கணினி தேடிக் கண்டுபிடிப்பதே புதிர்த் தேடல் ஆகும். இதன் முதன்மைத் தடை நிலைகளின் எண்ணிக்கை. 1880-இல் அமெரிக்காவில் பெரும் மோகமாகப் பரவிய பதினைந்து கட்டைப் புதிரில் மட்டும் ஏறத்தாழ 10.46 லட்சம் கோடி நிலைகள் உள்ளன. ரூபிக் கனசதுரத்தில் 4.3 லட்சம் கோடி கோடி. எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்க்க இயலாது.

நூறு சாவிகளில் ஒரு பூட்டுக்குரியதைத் தேடும் புதியவர் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்ப்பார். திண்டுக்கல்லில் பூட்டுத் தொழிலில் பழகியவரோ சாவித்துளையின் வடிவைப் பார்த்து, பொருந்தக்கூடியவற்றை முதலில் எடுப்பார். தேடலில் இவ்வாறு வழிகாட்டும் கணிப்பை 'வழிகாட்டு மதிப்பீடு' எனலாம்.

1968-இல் பீட்டர் ஹார்ட், நில்ஸ் நில்சன், பெர்ட்ராம் ராஃபேல் ஆகியோர் ஏ-ஸ்டார் முறையை வெளியிட்டனர். இது கடந்த தொலைவுடன், மீதமுள்ள தொலைவின் மதிப்பீட்டைக் கூட்டி, கூட்டுத்தொகை குறைந்த நிலையை முதலில் ஆராய்கிறது. மதிப்பீடு உண்மைத் தொலைவை ஒருபோதும் மிஞ்சாவிட்டால், கிடைக்கும் விடை மிகக் குறுகியது என்பது உறுதி. 1985-இல் ரிச்சர்ட் கோர்ஃப் குறைந்த நினைவகத்தில் இயங்கும் வடிவத்தை உருவாக்கிப் பதினைந்து கட்டைப் புதிருக்கும், 1997-இல் பெரிய முன்கணக்கு அட்டவணைகளின் துணையுடன் ரூபிக் கனசதுரத்துக்கும் மிகக் குறுகிய விடைகளைக் கண்டார்.

இம்மதிப்பீடுகளை மனிதரே வடிவமைத்தனர். அவற்றைக் கணினியே கற்கும் முயற்சி அடுத்து வலுப்பெற்றது. 2011-இல் அர்ஃபயீ, சில்ஸ், ஹோல்ட்டே ஆகியோர், எளிய புதிர்களின் விடைகளிலிருந்து கற்றுக் கடினமானவற்றுக்கு முன்னேறும் முறையை விளக்கினர். 2019-இல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் உருவான டீப்கியூப்-ஏ, தீர்ந்த கனசதுரத்தைப் பின்னோக்கிக் கலைத்துப் பெற்ற நிலைகளைக் கொண்டு நரம்பியல் வலைப்பின்னலைப் பயிற்றுவித்தது. அதன் மதிப்பீட்டை ஏ-ஸ்டார் வகைத் தேடல் பயன்படுத்தியது. சோதித்த எல்லாக் கனசதுரங்களும் தீர்ந்தன, ஆனால் 60.3 விழுக்காட்டில்தான் மிகக் குறுகிய விடை கிடைத்தது.

இதற்குக் காரணம், கற்ற மதிப்பீடு உண்மைத் தொலைவை மிஞ்சக்கூடும் என்பதே. அப்போது குறுகிய விடைக்கான உறுதி போய்விடுகிறது. எனினும் விடையே தவறாகிவிடுவதில்லை. ஒவ்வொரு நகர்வும் புதிரின் விதிப்படியே எடுக்கப்படுவதால், இறுதி நிலையை எவரும் சரிபார்க்கலாம். விரைவாக ஒரு விடை போதும் என்ற இடத்தில் கற்ற மதிப்பீடு பயன்படுகிறது. மிகக் குறுகிய விடையே வேண்டுமென்றால், உண்மைத் தொலைவை மிஞ்சாத பழைய அட்டவணைகள் இன்றும் தேவைப்படுகின்றன.