பபிள் டிப்பும் ஐப்டேசியாவும்

வீட்டு உப்புநீர்த் தொட்டிக்குள் இரண்டு வகைக் கடல் சாமந்திகள் பெருகுகின்றன. ஒன்று பபிள் டிப். காசு கொடுத்து வாங்கி, விளக்கையும் நீரோட்டத்தையும் பார்த்துப் பார்த்து அமைத்து, எப்போது இரண்டாகும் என்று நாம் காத்திருப்பது. மற்றொன்று ஐப்டேசியா. லைவ் ராக் எனும் கடற்பாறைத் துண்டின் இடுக்கில் ஒட்டிக்கொண்டு அழையாமல் வந்து, ஒழிக்க ஒழிக்க முளைப்பது. தொட்டி வைத்திருப்பவர்களுக்கு முன்னது செல்வம், பின்னது சனியன். ஆனால் இரண்டும் பெருகும் விதத்தை அருகருகே வைத்துப் பார்த்தால், பபிள் டிப்பை உண்மையாகவே இனப்பெருக்கம் செய்ய நினைப்பவர் பாடம் கேட்க வேண்டியது அந்தச் சனியனிடம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

பபிள் டிப்பின் அறிவியல் பெயர் என்டக்மேயா குவாட்ரிகலர். செங்கடலும் கிழக்கு ஆப்பிரிக்காவும் தொடங்கி ஆஸ்திரேலியா, ஜப்பான் வரை வாழ்கிறது. கோமாளி மீன்களுக்கு இடம் கொடுக்கும் பத்துச் சாமந்தி இனங்களில் தொட்டிக்கு மிகவும் ஏற்றது இதுவே. கடலில் இது இரண்டு விதமாக வாழ்வதைக் காணலாம். ஆழத்தில் பெரிய உடலோடு தனித்து நிற்கும். மேல்மட்ட நீரில் சிறு உடலாகக் கூட்டம் கூட்டமாகப் பாறையை மூடும். அந்தக் கூட்டம் ஒரே உடலிலிருந்து பிளந்து பிளந்து வந்தது. தொட்டியிலும் அதுவே நடக்கிறது. வாய்த்தட்டு நீள்வட்டமாக இழுபடும். பாதத்தின் ஒரு பக்கம் ஒரு திசையிலும் மறுபக்கம் எதிர்த்திசையிலும் நகரும். சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ நடுவே கிழிந்து இரண்டாகும். கிழிந்த ஓரம் உள்நோக்கி மடிந்து ஒட்டி, ஆளுக்கொரு வாய் உருவாகும் வரை இரண்டும் சுருங்கி அலங்கோலமாகத்தான் இருக்கும். அந்த நாட்களில் இரை ஊட்டாமல் விட்டுவிடுவதே நல்லது.

நன்றாக இரை தின்று கொழுத்ததும் பிளக்கிறது. திடீரென்று நிறைய தண்ணீரை மாற்றி அதிர்ச்சி கொடுத்தாலும் பிளக்கிறது. அதனால் பிளந்ததை வைத்து மட்டும் அது நலமாக இருக்கிறது என்று சொல்லிவிட முடியாது. காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் கூர்மையான பிளேடால் வாயின் நடுவே ஒரே வீச்சில் அறுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் அன்னா ஸ்காட் குழுவினர் 2014இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டாகவும் நான்காகவும் அறுத்த பபிள் டிப் துண்டுகளில் பெரும்பாலானவை பிழைத்தன. அதே ஆய்வில் ஹெட்டராக்டிஸ் கிரிஸ்பா என்ற மற்றொரு இனத்தில் இழப்பு கூடுதலாக இருந்தது. எல்லாச் சாமந்தியும் கத்தியைத் தாங்கும் என்று நினைத்து அறுப்பது கொலை.

ஐப்டேசியாவுக்குக் கத்தி தேவையில்லை. அது நகரும்போதே பாதத்தின் ஓரத்திலிருந்து சிறு துணுக்குகளைப் பாறையில் விட்டுச் செல்கிறது. ஒவ்வொரு துணுக்கும் சில வாரங்களில் கையும் வாயும் முளைத்த முழு உயிராகிவிடும். சுரண்டி எடுக்கிறேன் என்று பிரஷ்ஷோடு இறங்கியவர் தொட்டியில் ஒன்று இருபதானது இப்படித்தான். வாய்க்குள் சுண்ணாம்புக் குழம்பை ஊசியால் செலுத்துவது, பெப்பர்மின்ட் இறாலை விடுவது, ஐப்டேசியாவை மட்டுமே தின்று வாழும் பெர்கியா என்ற கடல் நத்தையைக் கொண்டுவருவது எல்லாம் இந்தத் துணுக்குகளுக்கு எதிரான போர்தான்.

இரண்டின் உடலுக்குள்ளும் ஒளியில் உணவு தயாரிக்கும் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வேறுபாடு இங்கேதான் பெரிதாகிறது. பாசியை இழந்து வெளுத்த பபிள் டிப் மெலிந்து சுருங்கும். நல்ல ஒளியும் சிறு சிறு இறால் துண்டுகளும் கொடுத்து மாதக்கணக்கில் தேற்ற வேண்டும். ஐப்டேசியா பாசியில்லாமலும் இரை கிடைத்தால் வாழ்ந்துவிடும், இருட்டிலும் தாக்குப்பிடிக்கும். பவளங்கள் ஏன் வெளுக்கின்றன என்று ஆராய்பவர்கள் இதைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்த முரட்டுத்தனமே காரணம். பாசியுள்ள உடலையும் பாசியற்ற உடலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேறு எந்த உயிர் இவ்வளவு எளிதாக இடம் கொடுக்கும்?

பிளவு, துணுக்கு என்று வழிகள் வேறாக இருந்தாலும் விளைவு ஒன்றே. வாழையின் பக்கக் கன்றைப் பெயர்த்து நடுவதைப் போல, வருவது அதே உயிர்தான். புதிய கலப்பு எதுவும் இல்லை. நண்பர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்து ஊரெங்கும் பரவியிருக்கும் ஒரு சிவப்பு பபிள் டிப் வரிசை, எத்தனை தொட்டிகளில் இருந்தாலும், ஒற்றை விலங்கு. பபிள் டிப்பில் ஆணும் பெண்ணும் தனித்தனி உயிர்கள். ஆகவே ஒரு தாயிலிருந்து பிளந்து வந்த நாற்பதும் ஆணாகவோ நாற்பதும் பெண்ணாகவோதான் இருக்கும். அந்தத் தொட்டியில் என்ன செய்தாலும் கருவுற்ற முட்டை கிடைக்காது. பல ஆண்டுகள் பெருக்கிவிட்டு, முட்டையிட்டுக் குஞ்சு வரவில்லையே என்று நீரையும் உப்பையும் குறை சொல்பவர்கள் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

வளர்ப்புச் சாமந்தியின் பழைய வரலாற்றிலும் இதே கதை உண்டு. 1828இல் ஸ்காட்லாந்தின் வட பெரிக் கரையில் சர் ஜான் டேலியல் எடுத்துவந்த ஆக்டினியா எக்வினா என்ற இனச் சாமந்தி ஒன்று, கைமாறிக் கைமாறி, அவர் இறந்த பின்னும் எடின்பரோவில் 1887 வரை வாழ்ந்தது. ‘பாட்டி’ என்று பெயர் பெற்ற அது நூற்றுக்கணக்கான குஞ்சுகளை வாய்வழியே துப்பியது. அந்த இனத்தின் வயிற்றில் வளரும் குஞ்சுகள் பெரும்பாலும் தாயின் நகல்களே என்று பிற்கால மரபணு ஆய்வுகள் காட்டின.

நகலைத் தாண்டிப் போக முடியுமா? ஐப்டேசியா முடியும் என்கிறது. ஆய்வகங்களில் சிசி7 என்ற ஆண் வரிசையும் எஃப்003 என்ற பெண் வரிசையும் தனித்தனியே பராமரிக்கப்படுகின்றன. இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டு, சீரான பகலிரவோடு மாதத்தில் சில இரவுகள் மட்டும் நீல எல்.இ.டி. விளக்கை நிலவுபோல எரியவிட்டால், முட்டையும் விந்தும் வெளிவருகின்றன என்று 2015இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் பிறந்த இளம்புழுக்கள் பாறையில் அமர மறுத்து நீரிலேயே சுற்றி மடிந்தன. அந்த முடிச்சு அவிழ நெடுநாள் ஆயிற்று. நுண்ணிய ஓட்டுயிர்க் குஞ்சுகளை இரையாகக் கொடுத்தால் அந்தப் புழுக்கள் வேட்டையாடித் தின்று, வளர்ந்து, அமர்கின்றன என்று ஹைடல்பர்க் ஆய்வாளர்கள் 2023இல் காட்டினார்கள்.

இதை பபிள் டிப்போடு ஒப்பிட்டால் நம் செல்வப்பிள்ளைக்கு நிலைமை இன்னும் சாதகமாகவே இருக்கிறது. கிழக்கு ஆஸ்திரேலியாவில் ஸ்காட்டும் பீட்டர் ஹாரிசனும் வளர்ப்பில் வைத்திருந்த பபிள் டிப்கள் கோடையின் கடைசியிலும் அடுத்த பருவத்தின் தொடக்கத்திலும், முழுநிலவுக்குப் பின்வந்த சில இரவுகளில் முட்டையும் விந்தும் வெளியிட்டன. முட்டை ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர். ஐப்டேசியா முட்டையோ அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். பெரிய முட்டை என்றால் கையோடு கொண்டுவரும் கட்டுச்சோறும் பெரிது. அந்த இளம்புழுக்கள் அமர்ந்து குட்டிச் சாமந்திகளாக வளர்ந்ததையும் அவர்கள் 2008இல் பதிவு செய்தார்கள். உயிரியல்ரீதியாகத் தடை எதுவும் இல்லை. வீட்டுத் தொட்டியில் இல்லாதவை மற்றொரு பாலும் நிலவும்தான்.

இது ஆசைக்கான ஆராய்ச்சி மட்டுமென்று நான் நினைக்கவில்லை. பிலிப்பைன்ஸின் செபு பகுதியில், தொட்டி வணிகத்துக்காகப் பிடிப்பு நடக்கும் பாறைகளில் சாமந்திகளும் கோமாளி மீன்களும் குறைந்திருப்பதை 2005இல் வந்த ஆய்வு காட்டியது. பபிள் டிப்பை நகலெடுத்தாவது அந்தச் சுமையைக் குறைக்கலாம். அதற்காகப் பிளவைப் போற்றுகிறேன். மன்னார் வளைகுடாவின் மணல்வெளியில் வாழும் ஸ்டிகோடாக்டைலா ஹேடோனைக்கு அந்த வழியும் கிடையாது. தனித்து வாழும் அந்தக் கம்பளச் சாமந்தி பிளக்கும் என்று நம்பி யாரும் தொட்டி வைக்க முடியாது. பரங்கிப்பேட்டையிலும் மண்டபத்திலும் உள்ள ஆய்வு மையங்கள் கோமாளி மீன்களைப் பொரிப்பகத்தில் வளர்த்துக் காட்டிவிட்டன. மீனுக்கு வீடான சாமந்தி இன்னும் பெரும்பாலும் கடலிலிருந்தே வருகிறது. ஐப்டேசியா காட்டிய வழியை பபிள் டிப்பில் பழகிக்கொண்டால்தான் ஹேடோனைப் பக்கம் திரும்ப முடியும்.

வீட்டில் முயல்பவர் முதலில் செய்ய வேண்டியது வரிசைகளுக்குக் கணக்கு வைப்பது. எந்தத் துண்டு யாரிடமிருந்து வந்தது, அவருக்கு எங்கிருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும். ஆண் பெண் வெளித்தோற்றத்தில் தெரியாது. ஆகவே தொடர்பில்லாத மூன்று நான்கு வரிசைகளைச் சேர்த்தால்தான் இரு பாலும் அமைய வாய்ப்புண்டு. அவற்றைச் சிறு துண்டுகளாக அறுத்துக்கொண்டே இருக்காமல் பெரிதாக வளரவிட வேண்டும். அறுபட்ட உடல் தன் சத்தை ஆறுவதற்கே செலவழிக்கும். ஆண்டு முழுவதும் ஒரே வெப்பம், ஒரே ஒளி என்ற வழக்கத்தை விட்டு, பருவத்துக்கேற்ப மெல்ல ஏற்றி இறக்கி, நிலா விளக்கை நாள்காட்டியோடு பொருத்த வேண்டும். அந்தச் சில இரவுகளில் அழுக்கைப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நீரோட்டம் தரும் பவர்ஹெட்டையும் நிறுத்திவிட்டுக் காற்றுக்குமிழி மட்டும் ஓடவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரு வருட உழைப்பு வடிகட்டிக்குள் போய்விடும். வெளிவந்த முட்டைகளைக் குவளையால் அள்ளி, அதே தண்ணீரும் பாசி படர்ந்த ஓட்டுத் துண்டுகளும் கொண்ட தனிப் பாத்திரத்துக்கு மாற்றலாம். அதில் போடும் ஓட்டில் ஐப்டேசியாத் துணுக்கு ஒன்றுகூட இல்லை என்பதை லென்ஸ் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.