பலகையில் இருந்த பொய்

விமானங்களைக் காண்பதற்கென்றே ஒரு கார்ப் பயணம் என முடிவானதும், எங்கே தொடங்குவது என்பதில் எங்களுக்குள் சிறு தர்க்கம். ரைட் சகோதரர்களின் சைக்கிள் கடை இருந்த ஓஹையோவின் டேடன் நகரே சரியென்று பட்டது. அடுத்து வட கரோலினாவில் கில் டெவில் ஹில்ஸ். 1903 டிசம்பர் 17 அன்று ஆர்வில் 12 விநாடிகளில் 120 அடி பறந்த மணல்வெளி. பிறகு அந்த விமானம் இருக்கும் வாஷிங்டன்.

அது அங்கே வந்து சேர்ந்த கதை விசித்திரமானது. ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் செயலாளர் லாங்லி உருவாக்கிய விமானம், ஆர்வில் பறப்பதற்கு 9 நாட்கள் முன்புதான் இரண்டாம் முறையாகப் பொட்டோமாக் ஆற்றில் விழுந்திருந்தது. 1914இல், ரைட் சகோதரர்களின் காப்புரிமை வழக்கில் எதிராளியான கர்ட்டிஸ், அதில் பல மாற்றங்கள் செய்து சற்றே பறக்கவைத்தார். நிறுவனமோ மாற்றங்களை மறைத்து, மனிதனைச் சுமந்து பறக்கவல்ல முதல் விமானம் அதுவே என்று பலகை எழுதி வைத்தது. (தன் செயலாளரின் மானம் காக்க ஓர் அருங்காட்சியகம் இவ்வளவு தூரம் போகும்!) கசந்துபோன ஆர்வில், 1928இல் தம் விமானத்தை லண்டனுக்கு அனுப்பிவிட்டார். நிறுவனம் தவற்றை ஒப்புக்கொண்டது 1942இல்தான். 1948 டிசம்பர் 17 அன்று விமானம் வாஷிங்டனில் காட்சிக்கு வந்தபோது ஆர்வில் உயிரோடு இல்லை.

லாங்லியின் விமானம் டல்லெஸ் விமான நிலையத்தை ஒட்டிய உட்வார்-ஹேஸி மையத்தில் இருக்கிறது. கடைசி நாளை அதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். நிலையத்தில் விமானங்கள் இறங்குவதைக் காண்பதற்கென்றே அங்கே ஒரு கோபுரமும் கட்டியிருக்கிறார்கள்.