தகர மூடியும் புங்க மரமும்

முழங்கால் வலி வந்தபிறகு பூங்காவில் என் இடம் சிமெண்டு பெஞ்சுதான். ஓராண்டாக நடப்பவர்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடுமுறைக்குக் கோவை வந்த பேரன் ஒரு பிளாஸ்டிக் தட்டை நீட்டி, "எழுந்திருங்க தாத்தா, டிஸ்க் கால்ப் ஆடலாம்" என்றான்.

கால்ப் முறைதான். பந்துக்குப் பதில் தட்டு. குழிக்குப் பதில் சங்கிலி தொங்கும் கம்பிக்கூடை. தட்டு விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். குறைந்த வீச்சில் முடித்தவர் வென்றவர். கூடைக்கு எங்கே போவது? இரண்டு வேம்பு, மூன்று புங்கை, ஒரு விளக்குக் கம்பம் என ஆறு இலக்குகள் வைத்துக்கொண்டோம்.

காவலாளி வந்துவிட்டார். "ஏனுங்க ஐயா, நடக்கறவங்க மேல பட்டுறாதுங்களா?" நியாயமான கேள்வி. காலை பத்து மணிக்கு மேல், ஆளில்லாத மூலையில் மட்டும் என்று ஒப்புக்கொண்டோம்.

வழக்கம்போல் இதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன். 1926 வாக்கில் கனடாவின் பிளாட்வொர்த் என்ற ஊரில் பள்ளிப் பிள்ளைகள் மணலில் நான்கடி அகல வட்டங்கள் வரைந்து, தகர மூடிகளை வீசி ஆடினார்கள். தகர மூடி கால்ப் என்று பெயரும் வைத்தார்கள். பிள்ளைகள் வளர்ந்தார்கள்; ஆட்டம் நின்றுபோயிற்று.

1957-ல் அமெரிக்காவில் வேம்-ஓ நிறுவனம் பிளாஸ்டிக் தட்டுகளை விற்கத் தொடங்கியது. அங்கே வேலை பார்த்த எட் ஹெட்ரிக், 1975-ல் கலிபோர்னியாவின் ஓக் குரோவ் பூங்காவில் முதல் நிரந்தர ஆடுகளத்தை அமைத்தார். அங்கும் முதலில் இலக்காக நின்றவை வெறும் கம்பங்களே. சங்கிலிக் கூடை பிறகு வந்தது. ஆகவே எங்கள் விளக்குக் கம்பம் ஒன்றும் குறைந்ததல்ல! 2002-ல் ஹெட்ரிக் இறந்ததும், அவர் விருப்பப்படியே அஸ்தியைக் கலந்து தட்டுகள் வார்த்தார்கள். நாம் பவானி கூடுதுறையில் கரைக்கிறோம். அவர் பறக்க ஆசைப்பட்டார்.

புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்கு, இதைப் படித்ததும் எங்கள் ஊர் பெத்தாங்க் நினைவுக்கு வந்தது. இரும்புக் குண்டு எறியும் ஆட்டம். அதன் பழைய வடிவில் ஓடிவந்து எறிய வேண்டும். பிரான்சின் லா சியோத்தா ஊரில் ஜூல் லெனுவார் என்பவர் வாத நோயால் ஓட முடியாமல் ஓரமாக உட்கார்ந்துவிட்டாராம். அவருக்காகவே, காலை ஊன்றி நின்ற இடத்திலிருந்து எறியலாம் என்று விதியை மாற்றினார்கள் என்பார்கள். அந்த விதிப்படி முதல் போட்டி 1910-ல் அங்கே நடந்தது.

என் அப்பா மூட்டுவலியோடு மாலைதோறும் அதை ஆடினார். குண்டுகளைப் பொறுக்கிக் கொடுப்பது என் வேலை. அவர் மெதுவாக நடந்து வரும்வரை மற்றவர்கள் ஏன் காத்திருந்தார்கள் என்பது அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

பேரன் ஊருக்குப் போய்விட்டான். தட்டை விட்டுச் சென்றான். பெஞ்சுத் தோழர்கள் இருவர் சேர்ந்துவிட்டார்கள். ஒருவர் பழைய மில் தொழிலாளி, ஒருவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். நேற்று ஆறு இலக்கை முடிக்க எனக்கு 31 வீச்சு. கடைசி இடம்தான். இருந்தாலும் ஒவ்வொரு வீச்சுக்கும் எழுந்து நடந்தேன்.

நான்காவதாக ஒரு ஆள் தேவை. கால் வலி இருந்தால் பரவாயில்லை, காத்திருப்போம்.