குறை சொன்னவர்களும் ஜப்பானியக் கார்களின் கீர்த்தியும்

ஜப்பானியர் செய்த கார் பழுதாகாது என்னும் நம்பிக்கை இன்று பூமியின் எந்த மூலையிலும் ஏறக்குறைய ஒரு சித்தாந்தமாகவே நிலைபெற்றுவிட்டது. ஆயினும், இரண்டு லட்சம் மைல் ஓடியும் எஞ்சினைத் திறக்க நேரவில்லை என்று பூரித்துச் சொல்லுகிறவர்களும், அதே கம்பெனியின் அதே பெயருள்ள காரை வாங்கிச் சில வருஷங்களுக்குள்ளேயே கியர் பெட்டியை மாற்றும்படி ஆயிற்றே என்று கசந்து சொல்லுகிறவர்களும் எந்த ஊரிலும் இருக்கிறார்கள். இவர்களுள் ஒருவர் மெய்யர், மற்றவர் மிகைப்படுத்துகிறவர் என்று தீர்ப்புக் கூறிவிடுவது சுலபம். ஆனால் அந்தக் கார்கள் பசிபிக் சமுத்திரத்தைக் கடந்து அமெரிக்காவில் காலூன்றிய சரித்திரத்தை ஆதியிலிருந்து நோக்குகிறவர்களுக்கு, இருவர் வாக்கும் மெய்யே என்பதும், அந்தக் கீர்த்தி எழும்பியதே பெரும்பாலும் குறை சொன்னவர்களின் வாக்கைச் செவிமடுத்ததனால்தான் என்பதும் நன்கு விளங்கும்.

டொயோட்டா கம்பெனியார் 1957-ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் கலிபோர்னியாவின் ஹாலிவுட்டில் தங்கள் விற்பனைக் கம்பெனியை ஸ்தாபித்தபோது, அவர்கள் முதலில் நம்பியிருந்தது டொயோபெட் கிரௌன் என்னும் காரை. சொந்த தேசத்தில் அதன் மதிப்புக்குக் குறைவே இல்லை. அந்நாளைய ஜப்பானியச் சாலைகளில் பெரும்பகுதி தார் காணாதவை. 1956-இல் அவற்றை ஆராய்ந்த வாட்கின்ஸ் என்னும் அமெரிக்கரின் குழு, தொழில் வளர்ந்த தேசங்களுள் தன் சாலைகளை இவ்வளவு அலட்சியம் செய்த தேசம் வேறில்லை என்று தன் அறிக்கையிலேயே கடிந்து எழுதியது. அப்படிப்பட்ட மேடுபள்ளங்களில் குலுங்கிக் குலுங்கி ஓடியும் உடையாத வண்டி என்று பெயரெடுத்திருந்தது கிரௌன். அதே ஆண்டில் அஸாஹி ஷிம்புன் பத்திரிகையைச் சேர்ந்த இருவர் லண்டனிலிருந்து டோக்கியோ வரை சுமார் 50,000 கிலோமீட்டர் தூரத்தை அந்தக் காரிலேயே கடந்து வந்திருந்தார்கள். இத்தகைய கார் அமெரிக்காவில் என்ன ஆயிற்று? மணிக்கு அறுபது மைல் வேகத்தில் இடைவிடாமல் ஓடவேண்டிய லாஸ் ஏஞ்சலிஸ் நெடுஞ்சாலைகளில் அதன் சிறிய எஞ்சின் கொதித்துச் சூடேறியது. வேகம் கூடக்கூட வண்டி நடுங்கியது. மலைச்சரிவுகளில் ஏறமாட்டாமல் தவித்தது. 1958-ஆம் ஆண்டு முழுவதிலும் விற்ற கிரௌன்கள் 287. 1960-இன் முடிவில் டொயோட்டா அமெரிக்காவுக்குக் கார் அனுப்புவதையே நிறுத்திக்கொண்டது. டோக்கியோவில் அதை ஓட்டி மெச்சியவரும் மெய்தான் சொன்னார். கலிபோர்னியாவில் அதை வாங்கி நொந்தவரும் மெய்தான் சொன்னார். கார் ஒன்றே, சாலைதான் வேறு.

இந்தத் தோல்விக்கு அந்தக் கம்பெனியார் அமெரிக்கரின் ரசனையையோ சாலையையோ காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ளவில்லை என்பதை நான் மிகவும் விசேஷமாக மதிக்கிறேன். குறை தோன்றிய இடத்திலேயே வேலையை நிறுத்திப் பார்ப்பது அக்கம்பெனியை ஸ்தாபித்த டொயோடா குடும்பத்தின் பூர்வீகப் பாடம். மூலபுருஷரான ஸாகிச்சி டொயோடா 1924-இல் பூர்த்தி செய்த தானியங்கித் தறி, பாவிலோ ஊடையிலோ ஓர் இழை அறுந்தால் ஆள் வந்து தொடும் முன்பே தானாக நின்றுவிடும். அதன் உரிமையை 1929-இல் இங்கிலாந்தின் பிளாட் சகோதரர்கள் கம்பெனி விலை கொடுத்து வாங்கியது. அவருடைய புதல்வர் கீச்சிரோ தொடங்கிய மோட்டார் தொழிற்சாலையில், பிற்காலத்தில் தாய்ச்சி ஓனோ என்னும் நிர்வாகி, கோளாறு கண்ட தொழிலாளி எவராயினும் கயிற்றை இழுத்து வேலை வரிசை முழுவதையும் நிறுத்தலாம் என்னும் முறையைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1950-இல் அமெரிக்கப் புள்ளிவிவர நிபுணர் டெமிங் ஜப்பானுக்கு வந்து, முடிந்த சரக்கைச் சோதித்துக் கழிப்பதைவிடச் செய்முறையிலேயே பிழை புகாமல் காப்பது மேல் என்று அங்குள்ள யந்திர நிபுணர்களுக்கும் முதலாளிகளுக்கும் உபதேசித்தார். அவர் பெயரால் ஏற்பட்ட பரிசை 1960-இல் நிஸானும் 1965-இல் டொயோட்டாவும் பெற்றன. அமெரிக்காவுக்கு மறுபடி அனுப்பும் முன், கொரோனா என்னும் புதிய காரை, ஜப்பானில் அப்போதுதான் திறந்திருந்த மெய்ஷின் நெடுஞ்சாலையில் 1,00,000 கிலோமீட்டர் தூரம் பகிரங்கமாக ஓட்டிக் காட்டினார்கள். 1965-இல் கொரோனா கலிபோர்னியாவில் இறங்கியது; கிரௌன் பட்ட அவமானம் அதற்கு நேரவில்லை.

இவ்வளவு பிரயாசையும் ஒரு கம்பெனியுடையது. அதை ஜாதி குணமாக நினைத்துவிடலாகாது. 1968-இல் அமெரிக்காவில் வந்திறங்கிய சுபாரு 360 என்னும் சிற்றுருவக் காரை, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் பத்திரிகை அடுத்த ஆண்டே பரிசோதித்து, ஏற்கத் தகாதது என்று ஒரே வாக்காகத் தள்ளியது. மஸ்தாவின் சுழல் எஞ்சின் கார்களை வாங்கியவர்களுக்குக் கடிதம் எழுதி விசாரித்த ஜே.டி. பவர் என்பவர், திரும்பி வந்த தாள்களைத் தம் மனைவியாருடன் வீட்டிலேயே கணக்கிட்டபோது, 30,000 முதல் 50,000 மைலுக்குள் எஞ்சினில் இருந்த ஓ-ரிங் என்னும் சிறு வளையம் ஐந்தில் ஒருவருக்குப் பழுதாகியிருந்தது தெரியவந்தது. 1973-இல் அச்செய்தி பத்திரிகைகளில் வெளியாயிற்று. கார் சொந்தக்காரரின் அனுபவத்தை எண்ணிக் கணக்கிடுவது ஒரு தொழிலாகவே அதன் பின்னர் வளர்ந்தது.

அந்த 1973-ஆம் ஆண்டின் அக்டோபரில் அரபு தேசங்கள் எண்ணெய் அனுப்புவதை நிறுத்தவே, சிக்கனமான சிறு கார்களைத் தேடி அமெரிக்கர் ஜப்பானிய விற்பனையாளர்களிடம் திரண்டார்கள். அப்போது வாங்கியவர்கள்தான் முதன்முதலாக இரு கட்சியாகப் பிரிந்தார்கள். கலிபோர்னியாவின் வறண்ட வெயிலில் வசித்தவருக்குப் பத்து வருஷம் ஓடியும் அலுக்காத கார் வாய்த்தது. ஒஹையோ, மிச்சிகன், நியூயார்க் முதலிய வட மாகாணங்களில் பனியை உருக்குவதற்காகக் குளிர்காலம் முழுதும் சாலையில் உப்பைக் கொட்டுகிறார்கள். அங்கு ஓடிய கார்களின் மெல்லிய தகடு நாலைந்து குளிர்காலத்திலேயே அரித்துப்போயிற்று. எஞ்சின் கிணுகிணுவென்று ஓடிக்கொண்டிருக்க, அதைத் தாங்கிய உடல் உதிர்ந்து விழுந்த காட்சியை அப்பிரதேசத்து மெக்கானிக்குகள் அனைவரும் அறிவார்கள். ஹோண்டா கார்களின் முன் மட்கார்டுகள் துருவேறியதைப் பற்றிய புகார்கள் பெருகி, அரசாங்கத்தின் வர்த்தக ஆணையம் தலையிட்ட பிறகே அக்கம்பெனி அவற்றை மாற்றித்தர இசைந்தது. துத்தநாகம் பூசிய தகடுகள் வந்து துருவைத் தணித்தது பின்னாளைய சங்கதி.

கலிபோர்னியாவின் ஃப்ரிமான்ட் நகரில் நிகழ்ந்த ஒரு சம்பவம் இந்தச் சரித்திரம் முழுவதிலும் எனக்கு மிகவும் போதனையுள்ளதாகத் தோன்றுகிறது. அங்கே ஜெனரல் மோட்டார்ஸ் நடத்திவந்த தொழிற்சாலை, வேலைக்கு வராமை, சச்சரவு, மட்டமான சரக்கு ஆகிய மூன்றுக்கும் பெயர்பெற்று 1982-இல் மூடப்பட்டது. டொயோட்டாவும் ஜெனரல் மோட்டார்ஸும் கூட்டுச் சேர்ந்து 1984-இல் அதையே திறந்து, பழைய தொழிலாளரிலேயே பெரும்பாலோரை மறுபடி அமர்த்தி, சிலரை ஜப்பானுக்கு அனுப்பிப் பயிற்றுவித்து, கயிற்றை இழுக்கும் அதிகாரத்தையும் அவர்களுக்கே கொடுத்தபோது, அதே கைகள் அமெரிக்காவிலேயே முதன்மையான தரமுள்ள கார்களைச் செய்துகாட்டின. அங்கே ஒரே கூரையின் கீழ் உருவான கார்களுள் ஒன்று டொயோட்டா கொரோலா என்றும், மற்றொன்று ஜெனரல் மோட்டார்ஸின் ஜியோ பிரிஸம் என்றும் பெயர் தரித்து வெளிவந்தன. உள்ளே யந்திரம் ஒன்றாகவே இருந்தும், கொரோலாவுக்கு ஜனங்கள் அதிக விலை கொடுத்தார்கள். பழைய கார்ச் சந்தையிலும் பிரிஸத்தின் விலைதான் விரைந்து இறங்கியது. வாங்குகிறவரின் அனுபவத்தில் பெயருக்கு உள்ள பங்கு எவ்வளவு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி கிடையாது.

1989-இல் டொயோட்டாவின் லெக்ஸஸ் என்னும் உயர்ந்தவகைக் கார் வெளிவந்து சில மாதங்களுக்குள் இரண்டொரு கோளாறுகள் தெரிந்தபோது, விற்ற சுமார் 8,000 கார்களையும் வீடு வீடாகச் சென்று எடுத்து வந்து சரிசெய்து கொடுத்தார்கள். கீர்த்தி உச்சத்தை எட்டிய காலம் அது. பத்தே ஆண்டுகளில் நிலைமை மாறிற்று.

1997 முதல் 2002 வரை விற்ற டொயோட்டா, லெக்ஸஸ் கார்கள் சிலவற்றின் எஞ்சினுக்குள் ஆயில் கெட்டியாகிக் கறுப்புக் களிம்பாக உறைந்து, எஞ்சினையே பாழாக்கியது. சொந்தக்காரர்கள் முறையிட்டபோது, நீங்கள் காலாகாலத்தில் ஆயில் மாற்றவில்லை என்பதே கம்பெனியின் முதல் விடையாக இருந்தது. ஒழுங்காக மாற்றியவர்கள் ரசீதுகளைக் கையில் ஏந்திக்கொண்டு வாதாடினார்கள். அதே எஞ்சினை வைத்திருந்த வேறு பலருக்கு ஒரு துன்பமும் இல்லாததால், அவர்களும் கம்பெனியோடு சேர்ந்து, குற்றம் பராமரிப்பில்தான் என்றார்கள். நெடுந்தூரம் ஓடுகிற காருக்கும், குளிரில் கடைத்தெரு வரை போய் எஞ்சின் நன்றாகச் சூடேறும் முன்பே வீடு திரும்பும் காருக்கும் ஆயில் கெடும் வேகம் ஒன்றல்ல என்பதை இருதரப்பாரும் சிந்திக்கவில்லை. முடிவில் 2002-இல் சுமார் 33 லட்சம் கார்களுக்கு அந்தப் பழுதைத் தன் செலவில் சரிசெய்து தருவதாகக் கம்பெனி அறிவித்தது. கயிற்றை இழுக்கும் உரிமையைத் தொழிலாளிக்குக் கொடுத்த கம்பெனி, காசு கொடுத்து வாங்கியவருக்கு அதைக் கொடுக்கத் தயங்கியதை எண்ணும்போது எனக்கு ஆற்றாமையே மேலிடுகிறது.

ஏறக்குறைய இதே காலத்தில் ஹோண்டாவின் ஆட்டோமாட்டிக் கியர் பெட்டிகள் ஏராளமாகப் பழுதாகி, அக்கம்பெனி 2004-இல் சுமார் 11 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. டொயோட்டாவின் டகோமா வண்டிகளில் சேஸிஸே துருவேறி ஓட்டை விழுந்ததால், 2008-இல் மிகவும் கெட்டுப்போனவற்றைச் சந்தை விலைக்கு ஒன்றரை மடங்கு கொடுத்துக் கம்பெனியே திரும்ப வாங்கிக்கொண்டது. அதிலும் பெரிதும் தாக்குண்டவை உப்பிட்ட வட சாலைகளில் ஓடியவையே. பிறகு, பெடல் சிக்கித் தானாக வேகம் பிடித்ததாகக் கூறப்பட்ட விவகாரத்தில் 80 லட்சத்துக்கு மேற்பட்ட டொயோட்டா கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. 2010 பிப்ரவரியில் அமெரிக்கக் காங்கிரஸின் முன் ஆஜரான அப்போதைய தலைவர் அக்கியோ டொயோடா, தம் கம்பெனி அளவுமீறிய வேகத்தில் வளர்ந்து, எதற்கு முதன்மை என்ற ஒழுங்கைக் குலைத்துக்கொண்டது என்று ஒப்புக்கொண்டார். மின்னணுக் கருவிகளில் குற்றமில்லை என்று நாஸா நிபுணர்கள் மறு ஆண்டு கூறியபோதிலும், வாங்கியவர்களிடம் உண்மையை மறைத்ததற்காக 2014-இல் அக்கம்பெனி 120 கோடி டாலர் செலுத்த நேர்ந்தது.

இந்த வரிசையில் நம் வாசகர்களையும் நேரே தொடுவது தக்கடா என்னும் கம்பெனி செய்த ஏர் பேக்குகளின் விவகாரம். அம்மோனியம் நைட்ரேட்டைக் கொண்டு செய்த அந்த ஏர் பேக்குகள் வறண்ட பிரதேசங்களில் நெடுங்காலம் கெடாமலிருக்க, வெப்பமும் ஈரமும் சேர்ந்த ஃப்ளோரிடா போன்ற கடலோர மாகாணங்களில் வருஷங்கள் செல்லச் செல்ல உள்ளிருந்த ரசாயனம் சிதைந்து, விபத்தின்போது வெடித்து உலோகத் துண்டுகளை முகத்தில் எறிந்தன. ஹோண்டாவும் வேறு பல கம்பெனிகளும் கோடிக்கணக்கான கார்களைத் திரும்ப அழைத்தன. தக்கடா கம்பெனி 2017-இல் திவாலாயிற்று. இந்தியாவிலும் ஹோண்டா இதற்காகப் பல தடவை கார்களைத் திரும்ப அழைத்திருக்கிறது. சென்னையும் தூத்துக்குடியும் யாழ்ப்பாணமும் வெப்பத்திலும் ஈரத்திலும் ஃப்ளோரிடாவுக்குக் குறைந்தவை அல்ல. ஆகையால், 2000-க்கும் 2015-க்கும் இடைப்பட்ட ஜப்பானியக் கார் ஒன்றைப் பழையதாக வாங்கி வைத்திருக்கிறவர்களும், இனி வாங்க இருக்கிறவர்களும், அதன் பெயரை மட்டும் நம்பி இருந்துவிடாமல், சேஸிஸ் எண்ணைக் கம்பெனியின் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்து, ஏர் பேக் மாற்றியாயிற்றா என்று அவசியம் விசாரித்துக்கொள்ள வேண்டும். திரும்ப அழைக்கப்பட்ட கார்களுக்கு அதைக் கட்டணமின்றியே மாற்றித் தருகிறார்கள்.