20,000 ரூபாய் போனில் எதை விட்டுக்கொடுக்கலாம், எதை விடக்கூடாது? ஸ்ரீசிட்டி போன்கள் சொல்லும் கணக்கு

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் கும்மிடிப்பூண்டியைத் தாண்டி ஆந்திர எல்லைக்குள் நுழைந்ததும் தடா வரும். அதையொட்டி இருப்பது ஸ்ரீசிட்டி தொழில் நகரம். சென்னையிலிருந்து சுமார் 55 கி.மீ. தூரம்தான். முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, 2022 ஏப்ரலில் மாவட்டங்கள் பிரிக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்துக்குள் வந்தது.

சில வருடங்களுக்கு முன்பு உங்கள் கையிலோ, வீட்டில் யாராவது ஒருவர் கையிலோ இருந்த ரெட்மி போன் பெரும்பாலும் இங்கிருந்து வந்ததுதான். 2015 ஆகஸ்ட்டில் பாக்ஸ்கானுடன் சேர்ந்து சியோமி இங்கே தயாரிப்பைத் தொடங்கியது. 6,999 ரூபாய்க்கு வந்த ரெட்மி 2 பிரைம்தான் முதல் போன். 2017 மார்ச்சில் அதே ஸ்ரீசிட்டியில் இரண்டாவது ஆலை வந்தது. வேலை நேரத்தில் நொடிக்கு ஒரு போன் தயாராகிறது என்று நிறுவனம் அப்போது அறிவித்தது.

அந்தக் காலத்து போன்களை இன்று யாரும் வாங்கப்போவதில்லை. ஆனால் மிட்-ரேஞ்ச் போன் என்றால் என்ன, அதில் எங்கே பணம் போகிறது, எங்கே கை வைக்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள அவற்றைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. விலை, ஸ்பெக், எத்தனை வருடம் அப்டேட் வந்தது என முழுக் கதையும் இப்போது நம் கையில் இருக்கிறது. புது போனுக்கு அது கிடையாது.

மிட்-ரேஞ்ச் என்றால் என்ன?

இதற்கு அதிகாரபூர்வ வரையறை எதுவும் இல்லை. 2017-ல் 10,000 முதல் 15,000 ரூபாய் வரை இருந்தவற்றை மிட்-ரேஞ்ச் என்றார்கள். இன்று 15,000 முதல் 30,000 வரை உள்ளவற்றைச் சொல்கிறோம்.

விலையைவிட முக்கியமான அடையாளம் ஒன்று உண்டு. 8,000 ரூபாய் போனில் எல்லாமே சுமாராக இருக்கும் என்று தெரிந்தே வாங்குகிறோம். 80,000 ரூபாய் போனில் பெரிய குறை இருக்கக்கூடாது என்று எதிர்பார்க்கிறோம். நடுவில் இருக்கும் போன் மட்டும் இரண்டு மூன்று விஷயங்களில் அசத்தும், நான்கைந்து விஷயங்களில் சத்தமில்லாமல் குறைத்துக்கொள்ளும். அசத்துவது விளம்பரத்தில் வரும். குறைத்ததை நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும்.

புதுசு என்றால் வேகமானதா?

2016 மார்ச்சில் ரெட்மி நோட் 3 வந்தது. 2017 ஜனவரியில் அதன் வாரிசாக ரெட்மி நோட் 4. இரண்டுக்கும் ஆரம்ப விலை 9,999 ரூபாய். முதல் விற்பனையில் 10 நிமிடத்தில் 2.5 லட்சம் நோட் 4 போன்கள் விற்றதாகவும், 45 நாளில் 10 லட்சத்தைத் தொட்டதாகவும் சியோமி சொன்னது.

புதிய போனில் இருந்த சிப் பழையதைவிட வேகமானதா? முழுக்க அப்படி இல்லை.

• நோட் 3: ஸ்னாப்டிராகன் 650. வேகமான ஏ72 கோர்கள் 2, சிக்கனமான ஏ53 கோர்கள் 4. 28 நானோமீட்டர் தயாரிப்பு.

• நோட் 4: ஸ்னாப்டிராகன் 625. ஏ53 கோர்கள் 8. ஏ72 ஒன்றுகூட இல்லை. 14 நானோமீட்டர் தயாரிப்பு.

கோர்களின் எண்ணிக்கை 6-லிருந்து 8 ஆனது. ஆனால் ஒரு ஆப்பைத் திறப்பது போன்ற, ஒரே கோர் முக்கிய வேலை செய்யும் இடங்களில் பழைய சிப்தான் வேகம். புதிய சிப் 14 நானோமீட்டர் என்பதால் மின்சாரத்தைக் குறைவாகக் குடிக்கும், சூடாவதும் குறைவு. கூடவே 4,100 எம்ஏஎச் பேட்டரி. அதாவது, வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, பேட்டரி நேரத்தை வாங்கினார்கள்.

இது ஏமாற்று வேலையா? இல்லை. திருப்பதியிலிருந்து சென்னைக்கு பஸ்ஸில் வரும் ஒருவருக்கு, ஆப் அரை நொடி முன்னால் திறப்பதைவிட, கோயம்பேடு வந்து இறங்கும்போது போனில் சார்ஜ் இருப்பதுதான் முக்கியம். சரியான முடிவுதான். ஆனால் ‘எட்டு கோர்’ என்ற ஒற்றை வரியைப் படித்துவிட்டு வாங்கியவருக்கு இது தெரிந்திருக்காது.

அதே சிப், 2,000 ரூபாய் அதிகம்: எதற்கு?

அதே 2017 செப்டம்பரில் சியோமி இன்னொரு போனைக் கொண்டுவந்தது: மி ஏ1. விலை 14,999. நோட் 4-ன் 4 ஜிபி ரேம், 64 ஜிபி மாடலின் அறிமுக விலை 12,999. இரண்டிலும் ஒரே சிப், ஒரே ரேம், ஒரே ஸ்டோரேஜ் அளவு, 5.5 அங்குல ஃபுல் எச்டி திரை. அப்படியென்றால் அந்த 2,000 ரூபாய் எங்கே போனது?

• பேட்டரி: நோட் 4-ல் 4,100 எம்ஏஎச். மி ஏ1-ல் 3,080. கால்வாசி குறைவு!

• கேமரா: நோட் 4-ல் பின்னால் ஒன்று. மி ஏ1-ல் இரண்டு. இரண்டாவது, தூரத்தை நெருக்கிக் காட்டும் லென்ஸ்.

• சார்ஜிங் போர்ட்: நோட் 4-ல் மைக்ரோ யுஎஸ்பி. மி ஏ1-ல் டைப்-சி.

• ஆண்ட்ராய்டு: நோட் 4 ஆண்ட்ராய்டு 6-ல் வந்து 7-உடன் நின்றது. அதன்பின் சியோமியின் சொந்த மேல்பூச்சான எம்ஐயுஐ மட்டும் புதுப்பிக்கப்பட்டது. கூகுளின் ஆண்ட்ராய்டு ஒன் திட்டத்தில் வந்த மி ஏ1, 7-லிருந்து 8-க்கும் 9-க்கும் போனது.

கடையில் இரண்டையும் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் பேட்டரி வித்தியாசமும் கேமரா வித்தியாசமும் கண்ணில் பட்டிருக்கும். கடைசி வரி பட்டிருக்காது. அது இரண்டாவது வருடத்தில்தான் தெரியும்.

எந்தக் குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்?

மிட்-ரேஞ்ச் போனின் குறைகளை இரண்டு கூடையில் போட்டுப் பார்க்கலாம்.

முதல் கூடை, பிறகு சரிசெய்யக்கூடியவை. பேட்டரி பத்தவில்லையா? பவர் பேங்க் இருக்கிறது. பேட்டரி தேய்ந்துவிட்டதா? சர்வீஸ் சென்டரில் மாற்றலாம். மைக்ரோ எஸ்டி ஸ்லாட் இருந்தால் போட்டோக்களைக் கார்டில் வைக்கலாம். பெட்டியில் சார்ஜர் இல்லையென்றால் தனியாக வாங்கலாம்.

இரண்டாவது கூடை, எவ்வளவு பணம் போட்டாலும் பிறகு மாற்ற முடியாதவை. சிப், ரேம், ஸ்டோரேஜின் வேகம், 5ஜி அலைவரிசைகள், கேமரா சென்சார், எத்தனை வருடம் அப்டேட் என்ற வாக்குறுதி. அப்டேட் நின்ற போனில் ஆர்வலர்கள் வேறு மென்பொருளை ஏற்றுவது உண்டு. நோட் 4-க்கும் அப்படிச் செய்தார்கள். ஆனால் வங்கி ஆப்கள் மக்கர் பண்ணும் வாய்ப்பு இருப்பதால் எல்லோருக்கும் அது தீர்வல்ல.

விதி இவ்வளவுதான்: முதல் கூடையில் சமரசம் செய்யுங்கள், இரண்டாவது கூடையில் பணத்தைப் போடுங்கள். விளம்பரம் பெரும்பாலும் இதைத் தலைகீழாக்கும். சார்ஜிங் வாட், மெகாபிக்சல், பேட்டரி எண் எல்லாம் பெரிய எழுத்தில் இருக்கும். ஸ்டோரேஜ் வகையும் அப்டேட் வருடங்களும் பொடி எழுத்தில் இருக்கும்.

அப்போ இன்னைக்கு என்ன பார்த்து வாங்குறது?

ஸ்டோரேஜ் வகை: அளவு மட்டும் போதாது. இஎம்எம்சி 5.1 ரகத்தின் உச்ச வேகம் நொடிக்கு 400 எம்பி. யுஎஃப்எஸ் 2.2 ரகம் அதைவிடப் பல மடங்கு வேகமாகப் போக முடியும், படிப்பதையும் எழுதுவதையும் ஒரே நேரத்தில் செய்யும். இரண்டு வருடம் கழித்து போன் ‘ஸ்லோ ஆயிடுச்சு’ என்று நாம் புலம்புவதற்கு ஸ்டோரேஜும் ஒரு காரணம்.

ரேம்: ‘8+8 ஜிபி’ என்று போட்டிருந்தால் நிஜமான ரேம் 8 மட்டும்தான். மீதி, ஸ்டோரேஜிலிருந்து கடன் வாங்கிய இடம். அது ரேமின் வேகத்தில் ஓடாது.

கேமரா: 50 எம்பி என்ற எண் உங்களுக்கு அதிகம் சொல்லாது. ஓஐஎஸ் இருக்கிறதா என்று பாருங்கள். கை நடுக்கத்தைச் சமாளித்து, ராத்திரி போட்டோவைக் காப்பாற்றுவது அதுதான். 2 எம்பி மேக்ரோ கேமரா பெரும்பாலும் எண்ணிக்கை காட்டத்தான் இருக்கிறது.

5ஜி: ஜியோவின் 5ஜி, 4ஜியைச் சாராமல் தனித்து இயங்கும் வகை. அதனால் போனில் அந்த வகைக்கான ஆதரவு இருக்க வேண்டும். என்78 அலைவரிசையோடு என்28-ம் இருப்பது நல்லது. 700 மெகாஹெர்ட்ஸ் எனப்படும் இந்த அலைவரிசையை 2022 ஏலத்தில் ஜியோ மட்டுமே வாங்கியது. அது தூரமாகவும் கட்டடச் சுவரைத் தாண்டியும் எட்டும். சித்தூர் பக்கம் மலையோர ஊர்களுக்கு அடிக்கடி போகிற ஜியோ வாடிக்கையாளருக்கு இது முக்கியம்.

அப்டேட்: ஆண்ட்ராய்டு பதிப்பு எத்தனை, பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருடம் என்று தனித்தனியாகக் கேளுங்கள். மிட்-ரேஞ்சிலும் நீண்ட வாக்குறுதி சாத்தியம்தான். 2024-ல் வந்த சாம்சங் கேலக்ஸி ஏ16 5ஜி-க்கு 6 வருட அப்டேட் அறிவிக்கப்பட்டது.

மாதக் கணக்கு போட்டுப் பாருங்கள்

விலையை மொத்தமாகப் பார்க்காமல், எத்தனை மாதம் ஓடும் என்று வகுத்துப் பாருங்கள். 18,000 ரூபாய் போனை 2 வருடத்தில் மாற்றினால் மாதம் 750 ரூபாய். 22,000 ரூபாய் போன் 4 வருடம் ஓடினால் மாதம் சுமார் 458 ரூபாய். நடுவில் 2,500 ரூபாய்க்கு பேட்டரி மாற்றினால்கூட மாதம் சுமார் 510-தான் வரும். விலை அதிகமான போன்தான் இங்கே மலிவு.

எதிர்ப்பக்கமும் உண்டு. ‘ரெண்டு வருஷத்துல எப்படியும் மாத்திடுவேன்’ என்பவருக்கு 6 வருட அப்டேட் வாக்குறுதியால் பெரிய லாபம் இல்லை. அவர் நல்ல கேமராவுக்கும் நல்ல ரீசேல் விலைக்கும் பணம் போடலாம்.

உள்ளூர்ல செய்றாங்களே, விலை குறையாதா?

சித்தூர், திருப்பதி பகுதியில் இன்று போன் அசெம்பிளி மட்டும் நடப்பதில்லை. திருப்பதி அருகே டிசிஎல் குழுமத்தின் டிஸ்ப்ளே ஆலைக்கு 2018 டிசம்பரில் அடிக்கல் நாட்டப்பட்டது. இப்படி உதிரிபாகங்களும் இங்கே வரத் தொடங்கியதற்கு ஒரு முக்கியக் காரணம் வரிக்கொள்கை. முழு போனை இறக்குமதி செய்தால் 2017 ஜூலையில் 10% சுங்க வரி வந்தது. 2018 பிப்ரவரிக்குள் அது 20% ஆனது. 2024 ஜூலையில் 15% ஆகக் குறைந்தது.

ஆனால் சிப்பும் மெமரியும் இன்னும் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்துதான் வருகின்றன. போதாக்குறைக்கு, 2020 ஏப்ரலில் போன்களுக்கான ஜிஎஸ்டி 12%-லிருந்து 18% ஆனது. நீங்கள் கொடுக்கும் 20,000 ரூபாயில் சுமார் 3,050 ரூபாய் ஜிஎஸ்டி மட்டுமே. எல்லைக்கு அந்தப் பக்கம் தயாராவதால் வேலைவாய்ப்பு வந்திருக்கிறது. பில் தொகை அந்த அளவுக்குக் குறையவில்லை.

கடைக்குப் போவதற்கு முன்

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் விற்பனைக்கு வரும் போன்களின் பேட்டரி, 800 முறை முழுதாக சார்ஜ் செய்த பிறகும் 80% திறனோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அப்டேட்டுக்கும் உதிரிபாகத்துக்கும்கூட குறைந்தபட்ச வருடங்கள் உண்டு. இந்தியாவில் அப்படிக் கட்டாயம் இல்லாததால், கேட்க வேண்டியது நாம்தான்.

எனவே கடையில் மூன்று கேள்விகள்: ஸ்டோரேஜ் எந்த வகை? பாதுகாப்பு அப்டேட் எந்த வருடம் வரை? என் ஊரில் சர்வீஸ் சென்டர் இருக்கிறதா, பேட்டரி மாற்ற என்ன செலவு? விற்பனையாளருக்கு பதில் தெரியவில்லை என்றால் நிறுவனத்தின் இணையதளத்தில் பாருங்கள். அங்கேயும் இல்லையென்றால், குறைத்தது அங்கேதான் என்று எடுத்துக்கொண்டு அடுத்த மாடலைப் பார்க்கலாம்.