நடுச்சுவரை உடைக்க வாய்ச்சொல் போதும்

எங்கள் தெரணியகலைப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் லயத்துக் காம்பிரா, அதாவது வரிசை வீட்டின் ஓர் அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. முன்னால் இஸ்தோப்பு என்கிற திண்ணை, அதன் மூலையில் அடுப்பு. கல்லும் மண்ணும் வைத்துக் கட்டிய நடுச்சுவருக்கு அப்பால் பெரியம்மா குடும்பம்.

1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், எங்களைப் போன்ற நாடற்ற தோட்டத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கென்றும் 300,000 பேரை இலங்கைக்கென்றும் பிரித்தது. எழுபதுகளில் அந்தக் கணக்கு எங்கள் லயத்துக்குள்ளும் வந்தது. பெரியம்மா வீட்டார் தலைமன்னாரில் கப்பலேறி இராமேஸ்வரம் போனார்கள். அண்ணனுக்குக் கல்யாணம் முடிந்திருந்த நேரம். காலியான காம்பிராவை அப்பா கேட்டார்.

கேட்பதற்கும் ஒரு வரிசை இருந்தது. முதலில் கணக்கப்பிள்ளை, பிறகு பெரிய கிளாக்கர், கடைசியில் தோட்டத்தை நடத்தும் தொரை. பேர் பதிந்த தொழிலாளிக்குத்தான் காம்பிரா. அண்ணன் பேர் செக்ரோல் என்கிற தொழிலாளர் பதிவில் இருந்ததால் கிடைத்தது. நடுச்சுவரில் ஒரு கதவளவு உடைத்துக்கொள்ளலாம், கூரைக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்றார் தொரை. அவ்வளவுதான் அனுமதி.

"கிளாக்கர் ஐயா, எழுத்துல ஏதாச்சும் தாங்க" என்று அப்பா கேட்டுப் பார்த்தார்.

"தோட்டத்துச் சொவத்துக்கு ஒனக்கு எதுக்குய்யா எழுத்து?"

1975 இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகி, பிறகு ஜனவசம என்கிற அரச சபைக்கும் அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனத்துக்கும் போயின. 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளிடம் போனது. காணி அரசுடையதாகவே இருந்தது. எந்தக் கைமாற்றத்திலும் லயம் அதில் குடியிருந்தவருக்கு உரியதாகவில்லை.

டவுனில் ஒருவர் பக்கத்து வீட்டை வாங்கிச் சேர்த்தால் உறுதி எழுத வேண்டும், நில அளவைப் படம் வேண்டும், பிரதேச சபையில் கட்டட அனுமதி எடுக்க வேண்டும், இரண்டு வரி இலக்கங்களை ஒன்றாக்க வேண்டும். அலைச்சல்தான். ஆனால் அந்த ஒவ்வொரு காகிதமும் வீடு அவருடையது என்று சொல்லும். தோட்டக் காணிக்கு இருந்தது ஏக்கர் வரி. அது நிர்வாகத்தின் பாடு. எங்கள் பேரில் ஒரு ரசீதும் இல்லை. "வரி கட்டாத ஆக்கள்" என்று எங்களைச் சொல்லும்போது இன்றும் எனக்குக் கோபம் வரும். கட்ட விட்டது யார்? 1987 ஆம் ஆண்டுப் பிரதேச சபைச் சட்டத்தின் 33 ஆவது பிரிவு, சபையின் பணம் தோட்டத்துக்குள் வரவும் குறுக்கே நின்றது. ஓட்டுப் போட்டோம், பாதையும் கானும் நிர்வாகம் மனது வைத்தால்தான். 2018 இல்தான் அந்தப் பிரிவைத் திருத்தினார்கள்.

1981 ஆகஸ்டில், தமிழருக்கு எதிரான வன்முறையில், இரத்தினபுரிப் பக்கத் தோட்டங்களில் லயங்களை எரித்தார்கள். வவுனியாவுக்கு ஓடியவர்களில் எங்கள் சொந்தக்காரர்களும் உண்டு. இரண்டு காம்பிராவைச் சேர்த்துச் சிமெந்துத் தரை போட்டிருந்தார்கள். அது தங்களுடையது என்று காட்ட அவர்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

எங்கள் கதை தீயில்லாமல் முடிந்தது. அண்ணன் கொழும்புக்குக் கடை வேலைக்குப் போனான், செக்ரோலில் பேர் வெட்டுப்பட்டது, நடுச்சுவரில் உடைத்த வாசலை ஒரு கிழமைக்குள் அடைக்கச் சொன்னார்கள். கல்லுக்கும் சிமெந்துக்கும் அப்பாதான் காசு கொடுத்தார்.

இப்போது தோட்டத்து ஆக்களுக்கு வீட்டுக் காணி தருவது பற்றிப் பேசுகிறார்கள். காணியோடு உறுதியும் தரட்டும், அதில் வீட்டுக்காரியின் பேரும் இருக்கட்டும். பிரதேச சபை வரி இலக்கம் போடட்டும். நாங்கள் கட்டுகிறோம்.