'வெள்ளித் தண்ணீர்' குடித்தால் நோய் தீருமா? உடலை நீலமாக்கும் கொலாய்டல் சில்வர்... முழு விவரம்!

2008-ம் ஆண்டு அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் காலை நேர நிகழ்ச்சி ஒன்றுக்கு விருந்தினராக வந்தார் பால் கராசன். வெள்ளைத் தாடி, ஆனால் முகமும் கைகளும் கருநீலம். மேக்கப் எதுவும் கிடையாது. முகத்தில் வந்த தோல் அழற்சிக்காக வெள்ளி கலந்த தண்ணீரை வீட்டிலேயே தயாரித்து, பத்து வருடங்களுக்கு மேல் குடித்தவர் அவர். போதாததற்கு முகத்திலும் தடவிக்கொண்டார். 2013-ல், 62 வயதில் இறக்கும் வரை அந்த நிறம் மாறவே இல்லை.

கராசன் குடித்ததன் பெயர் கொலாய்டல் சில்வர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெள்ளித் துகள்கள் மிதக்கும் திரவம். சளி, காய்ச்சலில் தொடங்கி புற்றுநோய் வரை எல்லாவற்றையும் குணப்படுத்தும் என்று சொல்லி, இணையத்தில் இன்றும் இதை விற்கிறார்கள்.

வெள்ளி கிருமியைக் கொல்லும் என்பது பொய்யா?

பொய் இல்லை. குழப்பமே இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர், பிறந்த குழந்தைகளின் கண்ணில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் கரைசலை ஒரு சொட்டு விட்டார். பிரசவத்தின்போது தாயிடமிருந்து தொற்றி, பார்வையைப் பறிக்கும் கண் நோய் அவருடைய மருத்துவமனையில் சட்டென்று குறைந்தது. 1881-ல் அவர் வெளியிட்ட இந்த முறை பல நாடுகளுக்கும் பரவியது. தீக்காயத்துக்குப் போடும் சில்வர் சல்ஃபாடையசின் க்ரீம் 1960-களில் வந்தது; இன்றும் மருத்துவமனைகளில் இருக்கிறது. வெள்ளி பூசிய காயக் கட்டுகளும் உண்டு.

வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் புரதங்களில் போய் ஒட்டிக்கொண்டு அவற்றைச் செயலிழக்க வைக்கும். ஆனால் மேலே சொன்ன எல்லாமே உடம்புக்கு வெளியே, காயம் இருக்கும் இடத்தில் நேரடியாகப் போடுபவை. குடித்தால் கதை வேறு. வயிற்றில் இருக்கும் குளோரைடு வெள்ளி அயனியை உடனே பிடித்துக்கொள்ளும். தப்பித்து ரத்தத்துக்குள் போவதை நம்முடைய புரதங்களே பிடித்துக்கொள்ளும். ஆய்வகத் தட்டில் கிருமி செத்தது என்பதை வைத்து, நுரையீரலில் இருக்கும் கிருமியும் சாகும் என்று சொல்லிவிட முடியாது. தட்டில் போட்டால் பினாயிலும்தான் கிருமியைக் கொல்லும்!

உடம்பு ஏன் நீலமாகிறது?

குடித்த வெள்ளியில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும். மிச்சம் இருக்கும் சிறு பகுதி ரத்தம் வழியாகத் தோல், கல்லீரல், சிறுநீரகம் என்று போய்த் தங்கும். தோலில் தங்கிய வெள்ளியின் மேல் வெயில் பட்டால், பழைய கேமரா ஃபிலிமில் நடக்கும் அதே வேதிவினை நடக்கும். ஒளி பட்டு உலோக வெள்ளியாக மாறி, பிறகு கந்தகத்தோடும் செலினியத்தோடும் சேர்ந்து கருத்துப்போகும். பீரோவில் வைத்த வெள்ளிக் கொலுசு கருக்கிறதே, ஏறக்குறைய அதே கதைதான். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2012-ல் இதைப் படிப்படியாக விளக்கினார்கள். முகமும் கையும் அதிகம் நீலமாவது வெயில் படுவதால்தான்.

இந்த நிலைக்கு ஆர்ஜிரியா என்று பெயர். கொலுசைத் தேய்த்தால் பளிச்சென்று ஆகிவிடும். தோலை அப்படித் தேய்க்க முடியாது. ஒருவகை லேசர் சிகிச்சையில் சிலருக்கு நிறம் குறைந்ததாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் இருக்கின்றன. வலி அதிகம், செலவும் அதிகம். உடலிலிருந்து உலோகத்தை வெளியேற்றக் கொடுக்கும் மருந்துகள் இதற்குப் பலன் தருவதில்லை.

'ஒரு டீஸ்பூன்தானே, என்ன ஆகிடும்?'

ஆதரவாளர்களின் வலுவான வாதம் இது. கணக்குப் போட்டுப் பார்த்தால் முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது.

அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை வைத்திருக்கும் வரம்பு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.005 மில்லிகிராம் வெள்ளி. 70 கிலோ எடை உள்ளவருக்கு 0.35 மில்லிகிராம். பாட்டிலில் '10 பி.பி.எம்.' என்று போட்டிருந்தால் லிட்டருக்கு 10 மில்லிகிராம் வெள்ளி என்று அர்த்தம். 5 மில்லி டீஸ்பூனில் 0.05 மில்லிகிராம்தான் வரும். வரம்புக்குள்ளேயே இருக்கிறது.

ஆனால் அதே பாட்டிலிலிருந்து ஒரு டம்ளர், அதாவது 250 மில்லி குடித்தால் 2.5 மில்லிகிராம். வரம்பைப் போல 7 மடங்கு. 500 பி.பி.எம். திரவமாக இருந்தால் ஒரே டீஸ்பூனில் அந்த அளவு வந்துவிடும். வீட்டில் பேட்டரியும் வெள்ளிக் கம்பியும் வைத்துத் தயாரிப்பவர்களுக்கு எத்தனை பி.பி.எம். என்பதே தெரியாது. கராசன் மட்டுமல்ல, மொன்டானா மாநில அரசியல்வாதி ஸ்டான் ஜோன்ஸும் வீட்டில் தயாரித்தவர்தான். ஒய்2கே பிரச்சினையால் ஆன்டிபயாடிக் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து 1999-ல் குடிக்க ஆரம்பித்தார். 2002-ல் அமெரிக்க செனட் தேர்தலில் நீலம் ஏறிய முகத்தோடு போட்டியிட்டார்.

இன்னொன்று, அந்த 0.35 மில்லிகிராம் 'இவ்வளவு குடித்தால் நோய் தீரும்' என்ற அளவு அல்ல. நிறம் மாறாமல் இருப்பதற்கான அளவு. நோய் தீர எவ்வளவு குடிக்க வேண்டும் என்பதற்கு நிரூபிக்கப்பட்ட அளவே கிடையாது.

'நிறம் மாறுவது அழகுப் பிரச்சினை மட்டும்தானே?' என்றும் கேட்கிறார்கள். பெரும்பாலானவர்களுக்கு அது உண்மை. ஈயம், பாதரசம் அளவுக்கு வெள்ளி கொடிய விஷம் கிடையாது. ஆனாலும் விதிவிலக்கு இருக்கிறது. நான்கு மாதங்கள் தினமும் கொலாய்டல் சில்வர் குடித்த 71 வயது முதியவருக்கு விடாமல் வலிப்பு வந்து, நினைவு திரும்பாமலே இறந்ததை 2004-ல் 'நியூராலஜி' மருத்துவ இதழ் பதிவு செய்தது. சில ஆன்டிபயாடிக்குகளும், தைராய்டுக்குச் சாப்பிடும் தைராக்ஸினும் உடலில் சேர்வதை இது குறைக்கலாம் என்று அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் எச்சரிக்கிறது. காலையில் தைராய்டு மாத்திரை போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

அரசுகள் என்ன சொல்கின்றன?

மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கும் கொலாய்டல் சில்வர் மருந்துகள் பாதுகாப்பானவை என்றோ பலன் தருபவை என்றோ ஏற்க முடியாது என்று 1999-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அறிவித்துவிட்டது. விற்பனை நிற்கவில்லை. 'மருந்து' என்ற பெயரை எடுத்துவிட்டு 'சத்துத் துணைப்பொருள்' என்று விற்றார்கள். அந்தப் பிரிவில் விற்பதற்கு முன்பே பலனை நிரூபிக்க வேண்டிய கட்டாயம் அங்கே இல்லை.

கொரோனா வந்ததும் வியாபாரம் மறுபடி சூடுபிடித்தது. 2020 பிப்ரவரியில் தொலைக்காட்சி மதபோதகர் ஜிம் பேக்கரின் நிகழ்ச்சியில் பேசிய விருந்தினர், இந்தத் திரவம் வேறு வகை கொரோனா வைரஸ்களை 12 மணி நேரத்தில் ஒழித்ததாகச் சொன்னார். மார்ச்சில் எஃப்.டி.ஏ. எச்சரிக்கை அனுப்பியது, மிசோரி மாநில அரசு வழக்குப் போட்டது. 2021-ல் பேக்கர் தரப்பு தவறை ஒப்புக்கொள்ளாமலேயே, வாங்கியவர்களுக்கு சுமார் 1,56,000 டாலர் திருப்பித் தர சம்மதித்தது.

அப்போ ஸ்வீட் மேல இருக்கும் வெள்ளித்தாள்?

காஜு கத்லி மேல் ஒட்டியிருக்கும் தாள் வேறு, இந்தத் திரவம் வேறு. தாளில் இருப்பது திட உலோகம். எளிதில் கரையாது, பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடும். வெள்ளி டம்ளரில் தண்ணீர் குடிப்பதற்கும் பயப்பட வேண்டியதில்லை. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் மட்டும், உணவில் சேர்க்கும் வெள்ளி பாதுகாப்பானதா என்று முடிவு சொல்லப் போதிய தரவு இல்லை என 2016-ல் சொல்லி வைத்தது.

நம் ஊரில் பெரிய சிக்கல் கலப்படம். வெள்ளித்தாள் 99.9 சதவீதம் சுத்தமாக இருக்க வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதி. ஆனால் அலுமினியத் தாளை ஒட்டிவிடுபவர்களும் உண்டு. வாங்கியதும் தாளில் கொஞ்சம் எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்துப் பாருங்கள். நிஜ வெள்ளி பொடியாக உதிர்ந்துவிடும். சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிழிந்து நின்றால் அது அலுமினியம்.